சத்தத்தைக் குறைக்க ஒரு சப்வூஃபர்

தீபாவளி நேரத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நடந்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சி. கூட்டத்துக்கு நடுவே ஒரு கார் ஊர்ந்து வரும். என்ன பாட்டு என்று தெரியாது, பாடுகிறவர் குரலும் கேட்காது. ஆனால் துணிக்கடைக் கண்ணாடி அதிரும், நம் நெஞ்சுக்கூடும் அதிரும். "எல்லாம் நம்ம பசங்கதான்" என்று முறுக்கு வாங்க வந்த பெரியவர் ஒருவர் முகம் சுளிப்பார். உள்ளே இருப்பது யார், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கறுப்புக் கண்ணாடியும் அந்த 'டும் டும்' சத்தமும் போதும், முடிவு கட்டிவிடுவோம்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் மைவி காரில் நானும் ஒரு சப்வூஃபர் பொருத்தினேன். அம்மாவிடம் சொன்னதும் வந்த முதல் கேள்வி: "பொம்பளப் புள்ள காடியில அதெல்லாம் எதுக்கும்மா? ரோட்டுல போலீஸ் நிறுத்துனா என்னா சொல்லுவ?"

"சத்தத்தக் குறைக்கத்தான்மா போட்டிருக்கேன்" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேஸ் பெட்டி வைப்பது சத்தத்தைக் குறைக்க என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் என் விஷயத்தில் அதுதான் நடந்தது. அதைச் சொல்ல என் காதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வானொலி அறிவிப்பாளராகி எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காலை நிகழ்ச்சி என்றால் நான்கு மணி நேரம் காதை மூடிய ஹெட்போனோடுதான் உட்கார்ந்திருப்போம். சென்ற ஆண்டின் பிற்பகுதியில், இரவு படுத்தால் வலது காதில் மெல்லிய ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. கொசு என்று நினைத்து விளக்கைப் போட்டுத் தேடியிருக்கிறேன். கொசு இல்லை.

செவித்திறன் பரிசோதனைக்குப் போனேன். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். முடிவில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அதில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு சிறு பள்ளம். அதிகச் சத்தத்தில் புழங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் அடி விழும் இடம் அதுதானாம். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உறுப்புக்குள் நுண்ணிய மயிர் செல்கள் இருக்கின்றன. அவை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. "இப்ப பயப்பட ஒன்னும் இல்ல. ஆனா இதுக்கு மேல இறங்காம பார்த்துக்குங்க" என்றார் பரிசோதித்த பெண்மணி. அதோடு ஒரு கேள்வி கேட்டார். "ஸ்டூடியோவ விட்டா வேற எங்க சத்தமா கேட்பீங்க?"

கார்தான். நான் குடியிருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், அம்மா இருப்பது கிள்ளானில். வாரத்தில் மூன்று நாளாவது கூட்டரசு நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். 2018 ஜனவரியில் அங்கே டோல் எடுக்கப்பட்டதிலிருந்து காசு மிச்சம், நேரம்தான் மிச்சமில்லை. மாலையில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். அவ்வளவு நேரமும் பாட்டு ஓடும். 'வேலையும் பாட்டு, வழியிலும் பாட்டா?' என்று தோழிகள் கேட்பதுண்டு. சமையல்காரருக்குப் பசிக்காதா என்ன?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10, 89 என்றால் வெறும் 5. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கைப்பேசியில் ஓர் அளவீட்டுச் செயலியைப் போட்டுப் பார்த்தோம். அந்தச் செயலிகள் கறாரானவை அல்ல, குத்துமதிப்புதான். சுபாங் பக்கம் வண்டி வேகம் பிடித்த இடத்தில் 88, 89 என்று காட்டியது. ஸ்டூடியோ ஹெட்போன் கணக்கையும் சேர்த்தால் என் வாரம் புதன்கிழமையே முடிந்துவிடும் போலிருந்தது.

வால்யூமைக் குறைத்தால் போதுமே என்பீர்கள். குறைத்தேன். பாட்டு சப்பென்று ஆகிவிட்டது. குரலும் வயலினும் தகரத்தில் தட்டியது போலக் கேட்கின்றன, அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய அடித்தளம் காணோம். இரண்டு நாள் பொறுத்துக்கொண்டு மூன்றாம் நாள் கை தானாகவே வால்யூம் பக்கம் போனது.

இது என் பலவீனம் மட்டும் இல்லை, நம் எல்லார் காதின் அமைப்பும் அப்படித்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ்ச்சுர ஒலிகள் மிகக் குறைவாகவே எட்டும். இன்று பயன்படுத்தும் அட்டவணைப்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் எப்படிக் கேட்கிறதோ அதே அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் அதற்குச் சுமார் 78 டெசிபல் தேவை. எனவே வால்யூமைக் குறைக்கும்போது பாட்டு முழுவதும் ஒரே அளவில் குறைவதில்லை. அடிப்பக்கம் முதலில் காணாமல் போகிறது. போதாததற்குச் சாலை. டயர் உரசும் இரைச்சலில் பெரும்பகுதி கீழ்ச்சுரம்தான், மிச்சமிருக்கும் பேஸையும் அது விழுங்கிவிடும்.

அதனால் நாம் என்ன செய்கிறோம்? காணாமல் போன அடிச்சத்தத்தைத் தேடி மொத்தப் பாட்டையும் ஏற்றுகிறோம். பேஸ் கொஞ்சம் எட்டிப்பார்க்கும் நேரத்தில் ஜால்ராவும் வயலினும் பாடகியின் உச்சஸ்தாயியும் காதைக் குத்துகின்றன. என் வரைபடத்தில் பள்ளம் விழுந்த 4000 ஹெர்ட்ஸ் அந்த மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. கீழ்ப்பக்கத்தை மட்டும் தனியே கொஞ்சம் உயர்த்த முடிந்தால், மற்றதையெல்லாம் இறக்கிவிடலாம். அதைச் செய்யத்தான் சப்வூஃபர்.

காரோடு வரும் ஸ்பீக்கரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கதவுக்குள் இருக்கும் பதினாறு சென்டிமீட்டர் காகிதக் கூம்பு அது. குரலுக்குப் போதும், செய்திக்குப் போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் மூச்சு வாங்கும். சில கார் ரேடியோக்கள் வால்யூம் ஏற ஏறத் தாமாகவே பேஸைக் குறைத்துக்கொள்ளும், அந்தச் சின்ன ஸ்பீக்கர் கிழிந்துவிடக் கூடாதே என்று. பண்பலை வானொலி ஏறக்குறைய 30 ஹெர்ட்ஸ் முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை சுமந்து வரக்கூடியது. நாங்கள் அனுப்புவது உங்கள் கார் வரை வந்துவிடுகிறது. கதவுக்குள் வந்ததும் கால்வாசி இறங்கிப்போய்விடுகிறது.

அந்தக் கால்வாசியில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் என் மாமா. எண்பதுகளில் கிள்ளானில் ஓர் இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, தோட்டத்துக் கலைநிகழ்ச்சி என்று ஊர் ஊராகப் போவார். மேடையில் பாடகருக்குக் கைதட்டல், டிரம்ஸ் அடிப்பவருக்கு விசில். பேஸ் கித்தார்காரர் ஓரத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்பார். "நான் வாசிக்கிறப்ப யாருக்கும் தெரியாது. நான் நிறுத்துனா எல்லாருக்கும் தெரியும்" என்பார் மாமா. சின்ன வயதில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'இளைய நிலா பொழிகிறதே' பாட்டை ஓடவிட்டு, "கித்தாரக் கேட்காத, அதுக்குக் கீழ ஒருத்தன் நடந்து போறான் பாரு, அவனக் கேளு" என்பார். அது 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு. அந்த நடையை நான் ஸ்டூடியோவில் தினமும் கேட்கிறேன். காரில் ஏறினால் அந்த ஆள் இறங்கிவிடுகிறான்.

கணக்குச் சொன்னால் விளங்கும். நான்கு தந்தி பேஸ் கித்தாரின் ஆகக் கீழான தந்தி 41 ஹெர்ட்ஸ். அடுத்தது 55, அதற்கடுத்தது 73, கடைசித் தந்தி 98. கதவு ஸ்பீக்கர் 80ல் தடுமாறுகிறது என்றால் முதல் மூன்று தந்திகளின் அடிச்சுரத்தை நாம் காரில் சரியாகக் கேட்பதே இல்லை. மேலே எழும் கிளைச்சுரங்களை வைத்து மூளை மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது.

இது இளையராஜா ரசிகர்களின் கவலை மட்டும் இல்லை. நம் மேளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தவிலின் வலந்தலை கூர்மையானது, விரல்கூடு போட்டு அடிப்பது. அது எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம்தான் வயிற்றில் இறங்கும் சத்தம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனவர்களுக்கு உறுமி மேளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது ஒரு முனகல் எழும்புமே, காவடிக்காரரின் காலில் நடுக்கம் ஏறுமே, அந்த முனகல் கைப்பேசியில் எடுத்த வீடியோவில் 'கர்கர்' என்று மட்டுமே கேட்கும். பேஸ் என்றாலே ரவுடித்தனம் என்று சொல்கிற நாம்தான் கோயில் வாசலில் அதே பேஸுக்குக் கை கூப்பி நிற்கிறோம்.

சரி, கடைக்கு வருவோம். கிள்ளானில் மேரு பக்கம் ஒரு கடை வரிசையில், நண்பர்கள் சொன்ன ஓர் இடம். கடை அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் உள்ளே போனதும் வேலை செய்துகொண்டிருந்த பையன் என் பின்னால் எட்டிப் பார்த்தான், கூட வந்த ஆண் யார் என்று. யாரும் வரவில்லை. "அலாரம் பார்க்கணுமாக்கா?" என்றான். சப்வூஃபர் என்றதும் "அண்ணனுக்கா?" என்றான். எனக்குத்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. பெண்கள் கார் ரேடியோக் கடைக்குள் போனால் இது நடக்கும். கோபப்பட்டுப் பயனில்லை, 41 ஹெர்ட்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

அண்ணன் முதலில் காட்டியது பின்பெட்டியில் வைக்கும் பன்னிரண்டு அங்குலப் பெட்டி. நான் என் தேவையைச் சொன்னேன். குறைந்த வால்யூமில் நிறைவாகக் கேட்க வேண்டும், பின்பெட்டியில் அம்மாவின் மார்க்கெட் சாமான் போக வேண்டும், வெளியே நிற்பவருக்குக் கேட்கக் கூடாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சீட்டுக்கு அடியில வைக்கிறதப் போடும்மா" என்றார். எட்டு அங்குல ஸ்பீக்கர், அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர், ஏழு சென்டிமீட்டர் உயரம். முன்பக்கப் பயணி இருக்கைக்கு அடியில் நுழைந்துவிடும். இவ்வளவு சின்னப் பெட்டி எப்படிப் போதும் என்று கேட்டேன். கார் சின்ன அறை என்பதுதான் காரணம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். அதைவிடச் சிறிய மூடிய இடத்துக்குள் அந்த ஒலி அடைபடும்போது அழுத்தம் கூடிக் கேட்கிறது. வீட்டு வரவேற்பறையில் இதே பெட்டி பாவமாக இருக்கும்.

பெட்டியின் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பாதீர்கள். அது ஒரு நொடி உச்சத்தில் எட்டக்கூடிய எண். சின்ன எழுத்தில் 'ஆர்.எம்.எஸ்.' என்று தனியே ஒரு எண் இருக்கும், தொடர்ந்து தாங்கக்கூடியது அதுதான். என்னுடையதில் அது 150. எனக்கு அதுவே தாராளம்.

ரேடியோவை மாற்றவில்லை. இப்போதெல்லாம் ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பொத்தான், புளூடூத் எல்லாம் அந்தத் திரையோடு பின்னிக் கிடக்கின்றன. கழற்றினால் ஒன்றை மாட்டும்போது இன்னொன்று போய்விடும். சப்வூஃபருக்கான தனி வெளியீடு காரோடு வந்த ரேடியோவில் இல்லை. அதனால் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே சிக்னலை எடுத்தார்கள். அசல் வயரை வெட்டாமல் இடையில் செருகும் சாக்கெட் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள், சில பத்து வெள்ளிதான் கூடும். நாளைக்கே காரை விற்கும்போது கழற்றி எடுத்துவிடலாம். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கார் என்றால் வயரில் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்டேன்.

அன்று நான் கற்றுக்கொண்டதில் எதை மறந்தாலும் ஃபியூஸை மறக்க மாட்டேன். ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து வருகிறது. எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வர ஓர் இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக நுழைய வேண்டும். வண்டி ஓடும்போது தகட்டின் விளிம்பு வயரை உரசிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தோல் கிழிந்து செம்பு இரும்பைத் தொட்டால் பேட்டரியின் மொத்த மின்னோட்டமும் அந்த வயரில் பாயும். அண்ணன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வயர்த்துண்டை எடுத்துக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குக் கருகி உருகியிருந்தது. எங்கோ யாரோ ஃபியூஸ் இல்லாமல் போட்டுக் கொடுத்த வண்டியாம், புகை வந்ததும் நிறுத்தி இறங்கியதால் தப்பித்தார்களாம். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில், 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் மூன்று மீட்டர் வயருக்குக் காவல் இல்லை. ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். நீங்கள் வேறு எதுவும் புரிந்துகொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. வேலை முடிந்ததும் பானெட்டைத் திறக்கச் சொல்லி, "ஃபியூஸ் எங்கண்ணே?" என்று மட்டும் கேளுங்கள்.

எர்த் வயரை வர்ணம் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கினார்கள். அது தளர்ந்தாலோ, சிக்னல் வயரும் மின்வயரும் ஒட்டி உரசி ஓடினாலோ, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம் பாட்டுக்குள் நுழைந்துவிடும். சாவியை அணைத்ததும் ஆம்ப்ளிஃபையரும் அணைகிறதா என்று மூன்று முறை சோதித்தேன். அதிகாலை ஐந்து மணிக்கு நிலையத்துக்குக் கிளம்புகிற எனக்கு பேட்டரி செத்துப்போனால் நிகழ்ச்சியே போய்விடும்.

இருக்கைக்கு அடியில் வைப்பதற்கு ஒரு குறை உண்டு. தண்ணீர். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கியதை நாம் பார்த்தோம். கூரை வரை வேண்டாம், கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே இந்தப் பெட்டி முதலில் போகும். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

பொருத்தி முடிக்க மூன்று மணி நேரம். பெட்டி 650 வெள்ளி, வயரும் ஃபியூஸும் சாக்கெட்டும் 90, கூலி 120. மொத்தம் 860 வெள்ளி.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி, சுருதி சேர்ப்பது. கடையில் பொதுவாக அதிரும்படி வைத்துக் கொடுத்துவிடுவார்கள், வாடிக்கையாளருக்குக் கொடுத்த காசு தெரிய வேண்டுமே. நான் என் நிகழ்ச்சிப் பதிவு ஒன்றை ஓடவிட்டேன். என் குரல் வழக்கம்போல முன்னாலிருந்து வந்தது. கூட நிகழ்ச்சி நடத்தும் தம்பியின் குரல் இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டு பேசுவது போல வந்தது. காரணம் எளிது. ஆண் குரலின் அடிச்சுரம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ், பெண் குரல் 165க்கு மேல். சப்வூஃபரின் வடிகட்டியை 120ல் வைத்திருந்தார்கள். அதனால் அவர் குரலின் பாதி அங்கே போய்விட்டது. 75க்கு இறக்கியதும் தம்பி எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்த அளவுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. முழுப் பாட்டும் கண்ணாடிக்கு முன்னாலிருந்தே வருவது போலிருக்கும். உங்கள் காரில் செய்தி வாசிப்பவர் இருக்கைக்கு அடியிலிருந்து வாசித்தால், செய்ய வேண்டியது இதுதான்.

'ஃபேஸ்' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், 0 அல்லது 180. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எதில் பேஸ் கூடுதலாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். மற்றதில் கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும். 'கெய்ன்' என்ற திருகு வால்யூம் இல்லை. சப்வூஃபர் தனியாகத் தெரியும் வரை அதை ஏற்றிவிட்டு, பிறகு தெரியாமல் போகும் வரை இறக்கினேன். பாட்டு நிறைவாக இருக்க வேண்டும், பெட்டி இருப்பதே தெரியக் கூடாது. மாமா மேடையில் நின்றது போல.

சோதனைக்கு 'மடை திறந்து' பாட்டை இரண்டு வடிவத்திலும் போட்டேன். ஒன்று 1980ல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. இன்னொன்று நம் நாட்டு யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006ல் 'வல்லவன்' தொகுப்பில் செய்தது. அது வெளிவந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிர்ந்துகொண்டு போன கார்களில் பாதி அந்தப் பாட்டில்தான் அதிர்ந்தன என்று தோன்றும். அப்போது தெருவில் நின்று கேட்டபோது 'டும்' மட்டும்தான் வந்தது. இப்போது உள்ளே உட்கார்ந்து, பாதி வால்யூமில், பழைய பாட்டில் நடக்கும் பேஸ் கித்தாரையும் புதிய பாட்டில் ஊன்றி அழுத்தும் பேஸையும் அடுத்தடுத்துக் கேட்டேன். சப்வூஃபர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரம் வேறு சத்தங்கள் கிளம்பின. பின்னால் நம்பர் தட்டு படபடத்தது, அதற்குப் பின்னால் பஞ்சு நாடா ஒட்டியதும் நின்றது. கதவுப் பையில் கிடந்த சில்லறை தாளம் போட்டது. டேஷ்போர்டில் வைத்திருந்த முருகன் மெல்ல மெல்லத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினார். அடியில் இரட்டைப் பக்க நாடா ஒட்டி மறுபடி என்னைப் பார்க்க வைத்திருக்கிறேன்.

வெளியே சத்தம் போகாதா? கதவு மூடி, நான் கேட்கும் அளவில், பக்கத்தில் நிற்பவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கீழ்ச்சுரம் சுவரைத் துளைத்துப் போகும் குணமுள்ளது. அடுக்குமாடியின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடம் வேறு எதிரொலிக்கும் குகை. ஸ்டியரிங் பக்கத்தில் பேஸுக்கென்று தனித் திருகு ஒன்று வைத்துக் கொடுத்தார்கள். வாயிலில் காவலர் தடுப்பைத் தூக்கும் முன் அதைச் சுழியத்துக்குத் திருப்பிவிடுவேன். அதிகாலை ஐந்து மணிக்குத் தூங்குகிறவர்களுக்கு என் காதின் கதை எதற்கு?

பொருத்திய இரண்டாம் வாரம் அதே தம்பி, அதே செயலி, அதே சுபாங். பாட்டு நிறைவாக இருக்கும்படி நானே வால்யூமை வைத்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. 81, 82 என்று சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஐந்து மணி நேரமாக இருந்தது இருபதுக்கு மேல் ஆகிறது. மூன்று மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் பள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆழமாகவில்லை. ரீங்காரம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில இரவுகளில் வருகிறது. ஸ்டூடியோ ஹெட்போன் வால்யூமையும் இப்போது இரண்டு கட்டம் இறக்கியிருக்கிறேன், அதுவும் காரணமாக இருக்கலாம்.

அம்மாவை பிரிக்ஃபீல்ட்ஸில் கோயிலுக்குக் கூட்டி வந்துவிட்டு கிள்ளானுக்கு ஓட்டிப் போனேன். வழியெல்லாம் பழைய பாட்டு. ஷா ஆலம் தாண்டியதும், "எங்க அந்தப் பெட்டி? பின்னாடி ஒன்னும் காணோமே" என்றார். "அதுக்கு மேலதான்மா உட்கார்ந்திருக்கீங்க" என்றேன். குனிந்து பார்த்தார். பிறகு விலை கேட்டார். சொன்னேன். "அந்தக் காசுக்கு ஒரு துணி தோய்க்கிற மெஷின் வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றார். போலீஸ் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை, துணி தோய்க்கும் மெஷின் பேச்சு மாதம் ஒரு முறை வருகிறது.

மாமா கேட்க வந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வயதாக ஆக முதலில் மங்குவது மேல்சுரங்கள்தான். அறுபதைத் தாண்டிய மாமாவுக்குப் பாட்டின் வார்த்தைகள் இப்போது தெளிவாகக் கேட்பதில்லை, கீழ்ச்சுரங்கள் நன்றாகவே கேட்கின்றன. 'இளைய நிலா' போட்டேன். கண்ணை மூடி, இடது கை விரல்கள் தொடைமேல் தந்தி தேட, முழுப் பாட்டும் கேட்டார். முடிந்ததும், "வண்டி வாடகைக்கு விடுவியா?" என்றார்.

அவருடைய பழைய புரோட்டோன் சாகாவில் இருக்கைக்கு அடியில் நாடா வைத்து அளந்தோம். ஆறு சென்டிமீட்டர்தான் இருந்தது. கடை அண்ணன் அதற்கேற்ற பெட்டி தேடிக்கொண்டிருக்கிறார்.